ரத்தமா தண்ணீரா

அக்காவின் இரண்டாவது குழந்தையும் தங்காமல் போன பிறகு கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஒரு பெண் டாக்டரிடம் போனோம். அக்கா, மாமா, நான். டாக்டர் பழைய ஸ்கேன் ரிப்போர்ட்டுகளை ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

"சொந்தத்துல கட்டினதா?"

"ஆமா டாக்டர். அத்தை பையன்" என்றாள் அக்கா.

"வீடு எங்க இருக்கு?"

மாமா சொன்னார். முதுநகரைத் தாண்டி, சிதம்பரம் ரோட்டில், ரசாயனத் தொழிற்சாலைகளுக்குப் பின்பக்கம், உப்பனாற்றங்கரையில் இருந்தது அவர்கள் தெரு. டாக்டர் மேலே எதுவும் கேட்கவில்லை. அந்தப் பக்கத்திலிருந்து வந்தவர்களை அவர் நிறையப் பார்த்திருக்க வேண்டும்.

"எதனாலன்னு உறுதியா சொல்ல முடியலம்மா. சொந்தத்துல கட்டினதால இருக்கலாம். இருக்கிற எடத்தாலயும் இருக்கலாம். ரெண்டும் சேந்தும் இருக்கலாம். அடுத்த தடவ மொதல்லயே வந்துடுங்க, பாத்துக்கலாம்."

வெளியே வந்து மைதானத்தை ஒட்டி பஸ்ஸுக்கு நின்றோம். மாமா டீ சொல்லப் போயிருந்தார். அக்கா என் கையைப் பிடித்தாள்.

"நீ அதத்தானடி படிக்கிற? ரத்தமா தண்ணியா, நீ சொல்லு."

அது 2008. நான் சிதம்பரத்தில் விலங்கியலில் ஆய்வு மாணவியாகச் சேர்ந்து சில காலம் ஆகியிருந்தது. நான் படித்தது மனிதர்களைப் பற்றி அல்ல, தண்ணீரில் இருக்கும் மிகச் சிறிய உயிர் ஒன்றைப் பற்றி. ஆனாலும் அவள் சொன்னது ஏறக்குறைய சரி. என் கேள்வியும் அதுதான்.

அக்காவுக்கு அது ஏன் அவ்வளவு அவசரமான கேள்வி என்று சொல்ல வேண்டும். அவள் மாமியார் என் அப்பாவின் கூடப் பிறந்த தங்கை, எங்களுக்கு அத்தை. கடல் பொங்கி வந்து போனதற்கு அடுத்த வருடம் அக்காவின் கல்யாணம் நடந்தது. ஊரில் சாவு விழாத தெரு இல்லை என்கிற மாதிரி இருந்த காலம். மண்டபம் வேண்டாம், மேளம் வேண்டாம், சொந்தத்துக்குள்ளேயே முடித்துக்கொள்ளலாம் என்று பெரியவர்கள் பேசி முடித்தார்கள். அக்காவுக்கும் மாமாவைப் பிடிக்கும். அவர் ஒரு தொழிற்சாலையில் ஒப்பந்த வேலையில் இருந்தார். பீப்பாய்களை லாரியில் ஏற்றுவது, இறக்குவது. அதிர்ந்து பேசத் தெரியாத மனிதர்.

முதல் குழந்தை ஆறாம் மாதத்தில் போனபோது யாரும் எதுவும் சொல்லவில்லை. இரண்டாவது போன பிறகு அத்தை பேச ஆரம்பித்தார். காரணம் தண்ணீர் என்றால் வீட்டை மாற்ற வேண்டும். ரத்தம் என்றால் பெண்ணை மாற்ற வேண்டும். அத்தை இதை இவ்வளவு பச்சையாகச் சொன்னதில்லை. "எங்க தெருவுல மத்தவங்களுக்கெல்லாம் கொழந்த இல்லியா?" என்று மட்டும் கேட்பார். இருந்தார்கள். குழந்தை இல்லாதவர்களும் இருந்தார்கள். அத்தை அந்த வீடுகளைச் சேர்த்துக்கொள்வதில்லை.

தண்ணீர் என்றால் மட்டும் எங்கே போவது? வீடு சொந்த வீடு. அதை வாங்க ஆள் கிடையாது. மாமாவுக்கு வேறு வேலையும் தெரியாது.

என் பூச்சியைப் பற்றிச் சொல்கிறேன். ஆராய்ச்சிக் கட்டுரைகளில் அதற்கு லத்தீனில் நீளமான பெயர் உண்டு. கரையில் வலை காயப்போடுகிறவர்கள் பூச்சி என்பார்கள். நானும் வீட்டில் பூச்சி என்றே சொல்லிப் பழகினேன். அரிசிக் குருணை நீளம் இருக்கும். பார்க்க இறால் மாதிரி, ஆனால் இரண்டு பக்கமும் அழுத்தி நசுக்கியது போலத் தட்டை. நீந்தும்போது ஒருக்களித்து நீந்தும். அழுகிய இலைக்கு அடியிலும் பாசிக்குள்ளும் வாழும். பெண் பூச்சி முட்டைகளை வெளியே விடாது. மார்புக்கு அடியில் ஒரு பை போல வைத்துச் சுமக்கும். குஞ்சு பொரிந்து நடமாடும் வரை அங்கேதான்.

இந்தப் பூச்சி பிச்சாவரம் பக்கத்து வாய்க்கால்களில், சுரபுன்னை வேர்களுக்கு நடுவே நிறைய இருந்தது. உப்பனாற்றில், தொழிற்சாலைக் கழிவு வந்து சேரும் ஓரத்திலும் இருந்தது. அங்கே மீன் செத்து மிதந்த நாட்களிலும் இருந்தது. எது அதை அங்கே வைத்திருக்கிறது என்பதுதான் என் ஆய்வு. வழி ஒன்றும் அடைபடவில்லை. கடலின் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் தண்ணீர் போய் வந்துகொண்டேதான் இருந்தது. நகர்ந்து போக முடிந்த ஒரு உயிர் ஏன் போகவில்லை? பிறவியிலேயே அந்த நாட்டம் இருக்கிறதா, வளர்ந்த தண்ணீர் அப்படிப் பழக்கிவிட்டதா?

உப்பனாற்றில் பிடிக்கப் போகும் நாட்களில் மாமாதான் கூட வருவார். ஷிப்ட் முடிந்து வந்து, லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, சல்லடையோடு சேற்றில் இறங்குவார்.

"இதப் புடிச்சாத்தான் டாக்டர் பட்டம் குடுப்பாங்களா?"

"ஆமா மாமா."

"அப்ப எனக்கும் பாதி குடுக்கச் சொல்லு."

அந்த ஓரத்தில் தண்ணீருக்கு ஒரு வாடை இருந்தது. ஒரு நாள் அழுகிய முட்டைக்கோஸ், ஒரு நாள் நகப்பூச்சு. நான் மூக்கில் துப்பட்டாவைக் கட்டிக்கொள்வேன். மாமா, "அப்பிடியா நாறுது?" என்று உண்மையாகவே கேட்பார்.

ஆய்வகத்தில் நீளமான கண்ணாடித் தொட்டி ஒன்று செய்து வைத்திருந்தேன். ஒரு முனையில் உப்பனாற்றுச் சேறும் தண்ணீரும், மறு முனையில் பிச்சாவரத்துச் சேறும் தண்ணீரும். நடுவில் ஒரு தடுப்பு. பூச்சிகளை நடுவில் விட்டு, மேலே கறுப்புத் துணி போட்டு, அடங்கிய பிறகு தடுப்பை எடுத்துவிட வேண்டும். எது எந்தப் பக்கம் போய்த் தங்குகிறது என்று பார்க்க வேண்டும். அவ்வளவுதான். ஆற்றிலிருந்து கொண்டுவந்த பூச்சிகளை விட்டால், அழுக்குப் பக்கத்துப் பூச்சி அழுக்குப் பக்கம் போகும். சுத்தப் பக்கத்துப் பூச்சி சுத்தப் பக்கம் போகும். அதில் அதிசயம் இல்லை, பழக்கம் என்று சொல்லிவிடலாம்.

அதனால் உப்பனாற்றுப் பெண் பூச்சிகளை முட்டையோடு சுத்தத் தண்ணீருக்கு மாற்றினேன். குஞ்சுகள் அங்கேயே பொரிந்து, அங்கேயே வளர்ந்தன. அழுக்குத் தண்ணீரை அவை கண்ணால் கண்டதில்லை. வளர்ந்ததும் தொட்டியில் விட்டேன். பாதிக்கு மேல் அழுக்குப் பக்கம் போயின. தாய்களைப் போல அடித்துப்பிடித்துப் போகவில்லை. ஆனாலும் போயின.

நான் ஓடிப்போய் என் ஆய்வு வழிகாட்டியிடம் சொன்னேன். அவர் ஓய்வு பெறும் வயதில் இருந்தவர். எதற்கும் பெரிதாக உற்சாகப்பட மாட்டார். "இதுல ஒன்னும் தெரியாதும்மா. வயித்துல சுமக்கும்போது பாதி நாள் அந்தத் தண்ணிலதான இருந்துச்சி?" என்றார்.

அது எனக்கே தெரிந்திருக்க வேண்டியதுதான். முட்டை தாயின் பையில் இருந்தபோதே அந்தத் தண்ணீர் அதன்மேல் பட்டுவிட்டது. அந்த முட்டைக்குள் உருவாகும் குஞ்சின் உடம்பில், அதன் பிள்ளைகளுக்கான வித்தும் அப்போதே இருக்கிறது. ஆக, பிள்ளையும் அந்தத் தண்ணீரைத் தொட்டது, பேரப்பிள்ளையும் தொட்டது. அந்தத் தண்ணீர் படவே படாத முதல் தலைமுறை மூன்றாவதுதான். அது அழுக்குப் பக்கம் போனால் ரத்தம் என்று எழுதலாம். போகாவிட்டால் தண்ணீர் என்று எழுதலாம். அதற்கு முன்னால் எதையும் எழுதக் கூடாது.

மூன்றாம் தலைமுறைக்குப் போவது சுலபமாக இல்லை. சுத்தத் தண்ணீரில் உப்பனாற்றுப் பூச்சிகள் நன்றாகப் பெருகவில்லை. ஒரு கோடையில் வெயில் தாங்காமல் மொத்தமும் செத்தன. மறுபடி மாமாவோடு ஆற்றில் இறங்கி முதலிலிருந்து ஆரம்பித்தேன். இன்னொரு முறை தண்ணீரில் ஏதோ பூசணம் வந்தது. வருடங்கள் இப்படியே போயின. கூடப் படித்தவர்கள் பட்டம் வாங்கிப் போனார்கள். எனக்கு வந்த வரன்களெல்லாம் அக்காவைப் பற்றி விசாரித்த இடத்தில் நின்றன. அதே ரத்தம்தானே எனக்கும். ஒரு கட்டத்தில் அம்மாவும் தேடுவதை விட்டுவிட்டாள்.

2011 தொடக்கத்தில் அக்கா மறுபடி உண்டானாள். இந்தத் தடவை அவளை அங்கே இருக்கவிடக் கூடாது என்று நான் பிடிவாதமாக இருந்தேன். மாமாவும் சரி என்றார். சிதம்பரத்துக்குப் பக்கத்தில், கீரப்பாளையத்தில் ஒரு வீட்டின் பின்கட்டில் நான் வாடகைக்கு இருந்தேன். அக்காவை அங்கே கூட்டி வந்தேன். கண்ணுக்கு எட்டிய வரை நெல் வயல். நல்ல காற்று. வயலுக்கு மருந்து அடிக்கிற நாட்களில் மட்டும் ஜன்னலைச் சாத்திவிட்டு அவளை உள்ளறையில் உட்கார வைப்பேன். ஞாயிற்றுக்கிழமைகளில் மாமா பஸ் பிடித்து வருவார். வீட்டுக்காரர்கள் பார்க்கிறார்களே என்ற கூச்சத்தில் அக்காவிடம் ஒரு வார்த்தை பேசாமல் தின்பண்டப் பையைக் கொடுத்துவிட்டு, வாசலிலேயே நின்றிருப்பார். நான் கடைக்குப் போகிறேன் என்று வெளியே கிளம்பிய பிறகுதான் உள்ளே வருவார்.

வயிறு தெரிய ஆரம்பித்த பிறகு ஒரு நாள் அக்கா என் ஆய்வகத்தைப் பார்க்க வேண்டும் என்றாள். கூட்டிப்போனேன். தொட்டிக்கு முன்னால் ஒரு ஸ்டூலில் உட்கார வைத்து, துணியை விலக்கிக் காட்டினேன். இரண்டாம் தலைமுறைப் பூச்சிகள் அன்று தொட்டியில் இருந்தன. சில அழுக்குச் சேற்றுப் பக்கம் போய் இலைக்கடியில் நுழைந்துகொண்டன.

"இதுங்க அங்க ஏண்டி போவுது?"

"தெரியலக்கா."

"நாறுதுன்னு அதுங்களுக்குத் தெரியாதா?"

"நமக்குத்தான் நாத்தம். அதுங்களுக்கு என்னவோ."

அவள் தொட்டிக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுபோனாள். பிறகு சொன்னாள். "எனக்கும் இங்க வந்த புதுசுல தூக்கமே வரலடி. என்னமோ கொறையற மாதிரி இருந்துச்சி. அந்தக் கம்பெனி சத்தம், அந்த வாட. இங்க ரொம்ப அமைதியா இருக்கவும் பயமா ஆயிடுச்சி. உங்கிட்ட சொன்னா திட்டுவேன்னு சொல்லல."

மூன்றாம் தலைமுறைக்கு ஏன் காத்திருக்கிறேன் என்று அவளுக்கு விளக்கினேன். நான் சொல்லச் சொல்ல அவள் கை வயிற்றின் மேல் போனதைப் பார்த்தேன். அப்போதே நிறுத்தியிருக்கலாம். பாதியில் நிறுத்தினால் இன்னும் மோசம் என்று முழுக்கச் சொன்னேன்.

"அப்ப நான் எடம் மாறி வந்தது இந்தக் கொழந்தைக்காக இல்லியா?"

"அக்கா, இது பூச்சி. மனுசங்களுக்கு இத அப்பிடியே பொருத்திப் பாக்கக் கூடாது."

"பேத்திக்கும் இல்ல. அதுக்கும் அப்பறம் வர்றதுக்குத்தான்."

"அப்பிடி இல்லக்கா."

"சரி, உடு" என்றாள். ஸ்டூலிலிருந்து எழுந்திருக்க என் தோளைப் பிடித்துக்கொண்டாள். வழியெல்லாம் வேறு ஏதோ பேசிக்கொண்டு வந்தோம்.

குழந்தை சிதம்பரத்தில் பெரிய ஆஸ்பத்திரியில் பிறந்தது. பெண். அழுதது. அக்காவின் குழந்தை அழுது அதுவரைக்கும் நாங்கள் யாரும் கேட்டதில்லை, அதனால் அம்மா தரையில் உட்கார்ந்துவிட்டாள். மறுநாள் குழந்தையின் உதடு நீலமாக இருந்தது. இதயம் சரியாக உருவாகவில்லை என்றார்கள். சென்னைக்குக் கொண்டுபோகலாமா என்று மாமா கேட்டார். அங்கிருந்த இளம் டாக்டர், மாமாவின் முகத்தைப் பார்க்காமல், "பயணம் தாங்காதுங்க" என்றார். ஒரு வாரம் கூட ஆகவில்லை. துணியில் சுற்றிக் கொடுத்ததை மாமா வாங்கிக்கொண்டார். கனமே இல்லாத ஒன்றை எப்படிப் பிடிப்பது என்று தெரியாமல் இரண்டு கையையும் நீட்டியபடியே நின்றிருந்தார்.

துக்கம் கேட்கக் கீரப்பாளையத்துக்கு வந்த இடத்தில் அத்தை பேசினார். அப்பா இருந்தார், அம்மா இருந்தாள், அக்கா உள்ளறையில் படுத்திருந்தாள். கதவு திறந்துதான் இருந்தது.

"எடத்தயும் மாத்திப் பாத்தாச்சிண்ணே. நல்ல காத்து, நல்ல தண்ணி. ஒரு கொறையும் வெக்கல. அப்பறமும் இப்பிடின்னா என்ன அர்த்தம்?"

"அத்த, அது அப்பிடி இல்ல" என்றேன் நான். "அக்கா அஞ்சாறு வருசம் அங்கதான இருந்தா? அந்தத் தண்ணியத்தான குடிச்சா? இங்க வந்து கொஞ்ச மாசம் இருந்தா அதெல்லாம் ஒடம்ப விட்டுப் போயிடுமா?"

"போவாதுன்னு ஒனக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"அப்ப ரத்தம் இல்லன்னு தெரியுமா?"

அத்தை என் அப்பாவைப் பார்த்தார். "நம்ம ரத்தத்துலதாண்ணே கோளாறு. ஒன்னோட ஒன்னு சேரக் கூடாது. வேற எடத்துல கட்டியிருந்தா ரெண்டு பேருமே நல்லா இருந்திருப்பாங்க." அவர் அழுதுகொண்டேதான் சொன்னார். அவர் கெட்டவர் இல்லை. தன் ரத்தத்தையே குறை சொல்லி, தன் மகனுக்கு ஒரு வழி தேடினார். அப்பா கடைசி வரை வாயைத் திறக்கவில்லை. அந்த ரத்தத்தில் அவருக்கும் பங்கு இருந்தது.

அக்கா கீரப்பாளையத்திலேயே என்னோடு இருந்தாள். மாமா வருவது குறைந்தது. வந்தால் ஜாஸ்தி நேரம் இருப்பதில்லை. மழைக்காலம் வந்தது. அந்தச் சமயத்தில்தான் மூன்றாம் தலைமுறைக் குஞ்சுகள் பொரிந்தன. கொஞ்சம்தான். ஆனால் முன்பு எப்போதும் அவ்வளவு தூரம் வந்ததில்லை. அவை வளர்ந்து தொட்டியில் விடுகிற பருவத்துக்கு வரப் பொங்கல் ஆகிவிடும் என்று அக்காவிடம் சொன்னேன்.

"வந்ததும் என்ன கூட்டிட்டுப் போ" என்றாள்.

"அதுல ஒனக்கு ஒன்னும் கெடைக்காதுக்கா. அது அதுங்களுக்கான பதில்."

"தெரியும்டி. ஏதோ ஒன்னப் பத்தியாவது உறுதியா தெரியட்டும்."

'தானே' என்று பெயர் வைத்த புயல் புத்தாண்டுக்கு முன்னால் வந்தது. கடலூர்தான் நேராக மாட்டியது, எங்களுக்கு ஓரம்தான். ஓரத்துக்கே அன்று காலை வீட்டின் ஓடுகள் பறந்தன. காற்று அடங்கியதும், பஸ் ஓடாததால், நானும் அக்காவும் ஆய்வகத்துக்கு நடந்தோம். வழியெல்லாம் மரமும் கம்பமும் விழுந்து கிடந்தன. மின்சாரம் இல்லை. அடுத்த சில நாட்களுக்கு வராது என்றும் சொன்னார்கள். துறையில் இருந்த ஜெனரேட்டருக்கு டீசல் குறைவு. அதில் உறைபெட்டிகளைத்தான் ஓட்ட முடியும் என்றார்கள். நியாயம்தான். அந்தப் பெட்டிகளில் பலருடைய ஆய்வு மாதிரிகள் இருந்தன.

என் பூச்சிகளை வளர்த்த பிளாஸ்டிக் டப்புகளுக்குக் காற்று போகும் மோட்டார்கள் நின்றிருந்தன. தண்ணீர் அசையவில்லை. மூன்றாம் தலைமுறைக் குஞ்சுகள் மேல்மட்டத்துக்கு வந்து ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருந்தன. அது மூச்சுக்குத் திணறுவதன் அடையாளம். மாற்றித் தண்ணீர் ஊற்றலாம் என்றால் கேன்களில் கொஞ்சம்தான் இருந்தது. கொண்டுவர ரோடு இல்லை. பக்கத்தில் ஒரு வீட்டில் சைக்கிள் பம்ப் இரவல் வாங்கி வந்தேன். அதன் வாயில் காற்றுக் குழாயைச் செருகி, டப்பில் விட்டு அடித்தேன். குமிழி வந்தது. கை கடுத்ததும் அக்கா வாங்கிக்கொண்டாள்.

அன்று பகல் முழுக்க, மறுநாளும், அடுத்த நாளும் மாறி மாறி அடித்தோம். அக்காவுக்கு உடம்பு இன்னும் தேறவில்லை. வேண்டாம் என்றால் கேட்கவில்லை. தரையில் உட்கார்ந்து, பம்பைக் காலுக்கு நடுவில் வைத்து, பல்லைக் கடித்துக்கொண்டு அடிப்பாள். என் வழிகாட்டி ஒருமுறை வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். ஆய்வகத்தைப் பூட்டும் நேரம் வந்ததும் நாங்கள் வெளியே வந்துதான் ஆக வேண்டும். காலையில் திரும்பிப் போகும்போது ஒவ்வொரு நாளும் டப்பின் அடியில் வெள்ளையாக இன்னும் கொஞ்சம் கிடக்கும். செத்தால் அவை வெள்ளையாகிவிடும், வேகவைத்த மாதிரி.

கடைசிக் காலையில் நான் துணியை விலக்கியதும் வாடை வந்தது. எதுவும் அசையவில்லை. அக்கா அதைப் பார்க்காமல் பம்பைக் குழாயில் செருகப் போனாள்.

"வேணாங்க்கா. முடிஞ்சிடுச்சி."

"அந்த ஓரத்துல பாரு. அது ஆடுது."

"அது தண்ணி ஆடுது."

அவள் பம்பைக் கீழே வைத்தாள். அவள் அழவில்லை. குழந்தைக்கும் அவள் என் முன்னால் அழுததில்லை. கைகள் இரண்டும் கொப்புளமாக இருந்தன. குழாயடியில் கொண்டுபோய்க் கழுவிவிட்டேன்.

பஸ் ஓட ஆரம்பித்ததும் மறுபடி பிடிப்பதற்காக உப்பனாற்றுக்குப் போனேன். இந்த முறை மாமாவைக் கூப்பிடவில்லை. பாதி ஊரில் கூரை இல்லை. நான் வழக்கமாக இறங்கும் ஓரத்தில், புயலில் இடிந்த சுவர்களையும் கல்லையும் மண்ணையும் லாரி லாரியாகக் கொண்டுவந்து கொட்டி மேடாக்கியிருந்தார்கள். கரையைப் பலப்படுத்துகிறார்களாம். கொஞ்சம் தள்ளி இறங்கிச் சல்லடை போட்டேன். புழுக்கள் வந்தன. பூச்சி ஒன்றுகூட வரவில்லை. பல முறை போனேன். வேறு இடங்களில் கிடைத்திருக்கலாம். ஆனால் வேறு இடத்துப் பூச்சி வேறு கதை. நான் கேட்ட கேள்விக்கு அந்த ஓரத்துப் பூச்சிதான் வேண்டும்.

"இருக்கிறத வச்சி முடிச்சிடும்மா" என்றார் வழிகாட்டி. அவர் அந்த வருடம் ஓய்வு பெற இருந்தார். நானும் முடித்தேன். பிறவி நாட்டத்தையும் தாய்வழி வந்த பாதிப்பையும் இந்த ஆய்வால் பிரித்தறிய இயலவில்லை என்று கடைசி அத்தியாயத்தில் எழுதினேன்.

பிரிந்துவிடலாம் என்று முதலில் சொன்னது அக்காதான். மாமா மாட்டேன் என்றார். கீரப்பாளையத்துக்கு வந்து, அந்தப் பின்கட்டு வாசலில் நின்று, "எனக்குக் கொழந்தையே வேணாம், வா போலாம்" என்று எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார். அக்கா அவரை உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்துச் சோறு போட்டாள். "இன்னிக்கு அப்பிடித்தான் சொல்லுவீங்க. பத்து வருசம் கழிச்சி என் மூஞ்சியப் பாக்கும்போதெல்லாம் தோணும். எனக்கும் தோணும், ஒங்களப் பாக்கும்போது. யாரால, யாராலன்னு. தெரிஞ்சிருந்தா பரவால்ல, யார்மேலயாவது கோவப்பட்டுட்டு இருந்துடலாம்." மாமா தட்டில் கையை வைத்தபடி உட்கார்ந்திருந்தார்.

மஞ்சக்குப்பத்தில் கோர்ட். இரண்டு பேரும் விவாகரத்துக்குச் சம்மதித்துக் கையெழுத்துப் போட்டார்கள். வெளியே வந்து பஸ்ஸுக்கு நடந்தபோது மாமா எங்களோடேயே நடந்து வந்தார். எங்கே பிரிந்து போவது என்று அவருக்குத் தெரியவில்லை. அத்தை பெண் பார்த்து முடித்துவிட்டார் என்று எங்களுக்குத் தெரியும். திருவண்ணாமலைப் பக்கம், எந்த வகையிலும் சொந்தம் இல்லை. பஸ் வருவதைப் பார்த்த பிறகு அக்கா அவரிடம் சொன்னாள்.

"அந்தப் பொண்ணு எங்கியோ இருந்து வருது. அதுக்கு எதுவும் தெரியாது. அந்த ஆத்துப் பக்கத்துப் போர்த் தண்ணிய மட்டும் குடிக்க உடாதீங்க."

"சரி" என்றார் மாமா.

"சரின்னு சொல்லிட்டு மறந்துடாதீங்க."

"மறக்க மாட்டேன்."

மாமாவின் கல்யாணம் அந்த வருடக் கடைசியில் நடந்தது. அந்தப் பெண் அதே வீட்டுக்குத்தான் வந்தாள். என்ன தண்ணீர் குடித்தாள் என்று எங்களுக்குத் தெரியாது. அப்பாவும் அத்தையும் அதன் பிறகு பேசிக்கொள்ளவில்லை. அக்கா முதுநகரில் இருந்த அம்மா வீட்டுக்கே போய் இருந்துகொண்டாள். நான் கீரப்பாளையத்திலேயே இரு என்று எவ்வளவோ சொன்னேன். "இங்க எனக்கு என்னடி இருக்கு?" என்றாள். காற்று தெற்கிலிருந்து அடித்தால் தொழிற்சாலை வாடை எங்கள் வீடு வரைக்கும் வரும். அவள் மட்டும் அந்த நேரத்தில் எழுந்து ஜன்னலைச் சாத்த மாட்டாள் என்று அம்மா குறைப்பட்டுக்கொண்டாள்.

என் வாய்மொழித் தேர்வும் அந்த மாதமே நடந்தது. வெளியூரிலிருந்து வந்த பேராசிரியர் கடைசிப் பக்கத்தைத் திருப்பி வைத்துக்கொண்டு, "அப்ப உங்க முடிவு என்ன? பரம்பரையா, சூழலா?" என்று கேட்டார்.

"பிரிச்சிச் சொல்ல முடியல சார்."

"மறுபடி செஞ்சி பாக்கலாமே?"

"அந்தப் பூச்சி இப்ப அங்க இல்ல சார்."

அவர் தலையாட்டிவிட்டு எதையோ குறித்துக்கொண்டார். எல்லோரும் கை தட்டினார்கள். பட்டம் கிடைத்துவிட்டது.

சாயங்காலம் வீட்டுக்குப் போன் செய்தேன். அக்காதான் எடுத்தாள். முடிந்துவிட்டது என்றேன். "சாப்பாடு போட்டாங்களா?" என்று கேட்டாள். போட்டார்கள் என்றேன். வேறு எதுவும் அவள் கேட்கவில்லை. அம்மா கூப்பிடுகிறாள் என்று சொல்லி வைத்துவிட்டாள்.